கோழிக்குப் பார்த்த முதல் வைத்தியம்

என் மாமா ஜெராமில் ஒரு கோழிப்பண்ணையில் பதினெட்டு வருடம் வேலை செய்தார். அதற்கு முன் தோட்டத்தில் பால்மரம் சீவினார். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டபோது வேலை போனவர்களில் அவரும் ஒருவர். காப்பாரிலிருந்து கோலசிலாங்கூர் போகும் சாலையில் வந்து, மீன் சாப்பிடப் போகிறவர்கள் எல்லாம் கடற்கரைப் பக்கம் திரும்புவார்கள். நாங்கள் எதிர்ப்பக்கம், செம்பனைக்குள் திரும்புவோம். பண்ணை கண்ணில் படும் முன்பே வாடை வந்துவிடும்.

பள்ளி விடுமுறையில் மாமாவின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து நானும் போவேன். கொட்டகைக்கு வெளியே உயரத்தில் ஒரு நீலத் தொட்டி. அதிலிருந்துதான் எல்லாக் கோழிகளுக்கும் குடிதண்ணீர் இறங்கும். காலையில் மாமா ஏணியில் ஏறி, ஒரு பழைய பால் டின்னில் வெளிர்மஞ்சள் தூளை அளந்து அதில் கொட்டிக் கலக்குவார்.

"கோழிக்கு என்னா சீக்கு மாமா?"

"சீக்கு ஒன்னும் இல்ல பாப்பா. வராம இருக்க ஊத்துறது."

"எந்தச் சீக்கு வராம?"

மாமா சிரித்தார். "அதெல்லாம் தவுக்கேக்கே தெரியாது. மருந்து விக்கிறவன் வந்து இவ்ளோ போடுன்னு சொல்லிட்டுப் போவான். நான் போடுறேன்."

2017இல் மாமாவின் இடது காலில் ஆணி குத்தியது. இனிப்பு நீர்க்காரர். புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவருடைய புண்ணிலிருந்து எடுத்த சீழைச் சோதித்த தாளை ஒரு இளம் டாக்டர் எனக்குக் காட்டினார். வரிசையாக மருந்துப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு எழுத்து. எஸ் என்றால் மருந்து கேட்கும், ஆர் என்றால் கேட்காது. மாமாவின் தாளில் பாதிக்கு மேல் ஆர். இரண்டு விரல்களை எடுத்த பிறகுதான் புண் ஆறியது.

அந்தக் கிருமி பண்ணையிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலேயே ஒட்டியிருக்கலாம், வீட்டு வாசலிலும் ஒட்டியிருக்கலாம். யாராலும் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு நீலத் தொட்டிதான் ஞாபகம் வந்தது. கோழிக்கு ஏன் மருந்து ஊற்ற ஆரம்பித்தோம், அதற்கு முன்னால் என்ன செய்தார்கள் என்று படிக்கத் தொடங்கினேன். அப்படித் தேடிப் போனபோது 1919இல் பிரான்ஸ் நாட்டின் ஒரு கோழிக் கொட்டகையில் போய் நின்றேன்.

அந்த வருடம் பிரான்ஸின் கிராமப்புறங்களில் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. கோழி டைஃபாய்டு. இன்று சால்மோனெல்லா காலினாரம் என்று அழைக்கப்படும் பாக்டீரியாதான் காரணம். ஃபெலிக்ஸ் டெரெல் என்ற நாற்பத்தாறு வயது ஆள் பண்ணை பண்ணையாகப் போய்க் கோழி எச்சத்தைச் சேகரித்தார். செத்த கோழியின் எச்சம், சீக்காய் இருக்கும் கோழியின் எச்சம், சீக்கு வந்து பிழைத்துக்கொண்ட கோழியின் எச்சம். கடைசியாகச் சொன்னதில்தான் அவருக்கு ஆர்வம் அதிகம்.

டெரெல் நுண்ணுயிரியலைத் தானே கற்றுக்கொண்டவர். மெக்சிகோவில் வெட்டுக்கிளிகளைக் கொல்லும் பாக்டீரியாவை ஆராய்ந்தவர். முதல் உலகப் போரின்போது பாரிஸ் பாஸ்டர் ஆய்வகத்தில் இருந்துகொண்டு, வயிற்றுக்கடுப்பு வந்த பிரெஞ்சுச் சிப்பாய்களின் மலத்தை ஆராய்ந்தார். பாக்டீரியா நுழைய முடியாத பீங்கான் வடிகட்டியில் அதை வடித்தார். வடிந்த தெளிந்த நீரை, பாக்டீரியா அடர்த்தியாக வளர்ந்து கலங்கிக் கிடந்த குழாயில் விட்டார். மறுநாள் குழாய் தெளிந்திருந்தது. தட்டில் வளர்த்த பாக்டீரியாப் படலத்தில் விட்டபோது அங்கங்கே வட்டமான ஓட்டைகள் விழுந்தன. பாக்டீரியாவையே தின்று பெருகும், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு உயிர் இருக்கிறது என்று முடிவு செய்தார். பாக்டீரியோபேஜ் என்று பெயர் வைத்தார். பாக்டீரியா தின்னி என்று பொருள். 1917 செப்டம்பரில் அந்தக் கட்டுரை பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் வாசிக்கப்பட்டது. இதற்கு இரண்டு வருடம் முன்பே இங்கிலாந்தில் ஃபிரெட்ரிக் டுவோர்ட் இதுபோன்ற ஒன்றைப் பார்த்து லான்செட் இதழில் எழுதியிருந்தார். ஆனால் அதை மருந்தாக யோசித்தவர் டெரெல்தான்.

பேஜ் ஒரு வைரஸ். மனிதனையோ கோழியையோ அது தொடாது. தனக்குரிய பாக்டீரியாவின் மேல் போய் ஒட்டி, தன் மரபணுவை உள்ளே செலுத்தும். பிறகு அந்தப் பாக்டீரியா தன் வேலையை விட்டுவிட்டுப் பேஜ்களைச் செய்துகொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் வெடிக்கும். உள்ளேயிருந்து வரும் புதிய பேஜ்கள் அடுத்த பாக்டீரியாவைத் தேடும். தின்ன பாக்டீரியா இருக்கும்வரை பேஜ் பெருகும். தீர்ந்துவிட்டால் அதுவும் குறைந்துவிடும்.

பிழைத்த கோழிகளின் எச்சத்தில் டைஃபாய்டு கிருமியைக் கொல்லும் வீரியமான பேஜ் இருப்பதை டெரெல் கண்டார். அதை வளர்த்து மற்றக் கோழிகளுக்குக் கொடுத்தார். கொடுத்த இடங்களில் சாவு குறைந்தது, நோய் நீடித்த காலமும் குறைந்தது. அந்தத் தைரியத்தில்தான் 1919 ஆகஸ்டில் பாரிஸ் குழந்தைகள் மருத்துவமனையில், கடுமையான வயிற்றுக்கடுப்போடு கிடந்த பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் பேஜ் கொடுத்தார்கள். கொடுப்பதற்கு முன் டெரெலும் அங்கிருந்த மருத்துவர்களும் தாங்களே அதைக் குடித்துப் பார்த்தார்கள். பையன் பிழைத்தான். ஆக, பேஜ் வைத்தியத்தின் முதல் நோயாளி கோழி. மனிதன் அதற்குப் பிறகுதான்.

கோழி மனிதனுக்கு மருத்துவம் சொல்லிக்கொடுத்தது அது முதல் தடவையும் இல்லை. 1880 வாக்கில் பாஸ்டர், கோழிக் காலராக் கிருமியைப் பலவீனப்படுத்திக் கோழிகளுக்கே போட்டுத்தான் ஆய்வகத்தில் தடுப்பூசி செய்யக் கற்றுக்கொண்டார். 1890களில் பத்தாவியாவில் ஐக்மான் என்ற டச்சு டாக்டர், வெள்ளை அரிசிச் சோறு தின்ற கோழிகளுக்குக் கால் விழுந்துபோவதைப் பார்த்துத்தான் பெரிபெரி நோயின் நுனியைப் பிடித்தார். அந்தக் கதை நம் ஊருக்கும் வந்தது. மலாயாவில் வெள்ளை அரிசி தின்ற சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் செத்துக்கொண்டிருந்தபோது, புழுங்கல் அரிசி தின்ற தமிழர்களுக்கு அது ஏன் வருவதில்லை என்று டாக்டர்கள் கேட்டார்கள். 1905இல் கோலாலம்பூர் மனநோய்க் காப்பகத்தில் வில்லியம் ஃபிளெட்சர் ஒரு பகுதியினருக்கு வெள்ளை அரிசியும் மறு பகுதியினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசிக்காரர்களுக்குத்தான் நோய் வந்தது. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் ஃபிரேசரும் ஸ்டான்டனும் அதை மேலும் உறுதி செய்தார்கள். தோட்டத்துப் பானையில் வெந்த சோறு ஒரு மருத்துவக் கேள்விக்குப் பதிலாக இருந்திருக்கிறது. யார் என்ன தின்கிறார்கள், யாருக்கு என்ன வருகிறது என்று பக்கத்தில் போய்ப் பார்த்ததால் கிடைத்த பதில் அது.

டெரெலும் அப்படிப் பக்கத்தில் போய்ப் பார்த்தவர்தான். 1920இல் சைகோனுக்குப் போய் எருமைகளைத் தாக்கும் தொண்டை அடைப்பான் நோயில் பேஜைச் சோதித்தார். 1927இல் இந்தியாவுக்கு வந்து, பஞ்சாபில் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு பிரிட்டிஷ் இந்திய அரசு பேஜ் ஆய்வு என்று தனியாக ஒரு திட்டத்தையே நடத்தியது. பாட்னாவில் இகோர் அஷெஷோவும், அஸ்ஸாமில் ஜான் மோரிசனும் பொறுப்பில் இருந்தார்கள். அஸ்ஸாமின் நௌகாங் பகுதியில் காலராப் பேஜை ஊர் ஊராகக் கொடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஹபிகஞ்சை வைத்துக்கொண்டார்கள். 1936 வாக்கில் எல்லாம் அடங்கிப்போனது.

இந்த இடத்தில் நமக்கு அடிக்கடி வாட்ஸ்அப்பில் வரும் கங்கைக் கதையையும் சொல்லிவிட வேண்டும். 1896இல் ஆக்ராவில் இருந்த எர்னஸ்ட் ஹான்கின், கங்கை, யமுனைத் தண்ணீர் காலராக் கிருமியைக் கொல்கிறது என்று பாஸ்டர் ஆய்வகத்தின் இதழில் எழுதியது உண்மை. அது பேஜ்தான் என்று இன்று பல புத்தகங்கள் எழுதிவிட்டன. ஆனால் ஹான்கினின் கட்டுரையைத் திரும்பப் படித்த ஆய்வாளர்கள் அப்படி ஒத்துக்கொள்ளவில்லை. மூடி முத்திரையிட்டுச் சூடாக்கிய தண்ணீருக்கு அந்தச் சக்தி போகவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். பேஜாக இருந்தால் சூட்டில் செத்திருக்கும். நல்ல கதை என்பதற்காக அதை நம் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது.

பேஜ் வைத்தியம் ஏன் தோற்றது? ஒரு காரணம், அதை விற்றவர்கள். 1930களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கம்பெனிகள் பேஜைப் புட்டியில் அடைத்து விற்றன. சிலவற்றில் உயிருள்ள பேஜே இல்லை. எந்தக் கிருமிக்கு எது என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒன்றையே விற்றார்கள். 1934இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த நீண்ட ஆய்வுரை, பேஜுக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட பெரும்பாலான சான்றுகள் நம்பும்படி இல்லை என்றது. அது நியாயமான விமர்சனம். சோவியத் ஜார்ஜியாவின் திபிலிசி நகரில் வேலை தொடர்ந்தது. அங்கே ஆய்வகத்தை உருவாக்கிய ஜார்ஜ் எலியாவா, டெரெலின் நண்பர். 1937இல் ஸ்டாலின் ஆட்சியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆய்வகம் அவருக்குப் பிறகும் நடந்தது, இன்றும் நடக்கிறது.

பெரிய காரணம் வேறு. ஆன்டிபயாட்டிக் வந்துவிட்டது. அது எந்தக் கிருமி என்று கேட்பதில்லை. பேஜ் அப்படி இல்லை. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி. சால்மோனெல்லாவின் ஒரு வகையைக் கொல்லும் பேஜ் பக்கத்து வகையை விட்டுவிடலாம். அதனால் பேஜ் கொடுக்கிறவன் முதலில் என்ன கிருமி என்று பார்த்தாக வேண்டும். ஆன்டிபயாட்டிக் அந்த வேலையிலிருந்து எல்லாரையும் விடுவித்தது.

அடுத்த திருப்பமும் கோழியில்தான் நடந்தது. அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டோக்ஸ்டாடும் கோழிக்குஞ்சுகளுக்கு மலிவாக பி12 வைட்டமின் கிடைக்க வழி தேடினார்கள். ஆரியோமைசின் மருந்து எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையைத் தீவனத்தில் கலந்தார்கள். குஞ்சுகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பெருத்தன. சக்கையில் ஒட்டியிருந்த ஆன்டிபயாட்டிக்கின் வேலை அது. 1950இல் செய்தி வெளியே வந்தது. சீக்கு இல்லாத கோழிக்கு மருந்து கொடுக்கும் பழக்கம் அங்கே தொடங்கியது. மாமாவின் பால் டின் அந்தப் பழக்கத்தின் ஒரு கடைசி நுனி.

எங்கள் பாட்டி லயத்து வீட்டுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு கோழி வளர்த்தவள். சில வருடம் ஒரே வாரத்தில் எல்லாம் கழுத்தைத் திருகிக்கொண்டு, பச்சையாகக் கழிந்து செத்துப்போகும். பாட்டி மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்து வாயில் திணிப்பாள். ஒன்றும் பிழைக்காது. அவள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது நியூகாசில் நோயாக இருந்திருக்க வேண்டும். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் முதன்முதலில் அடையாளம் காணப்பட்ட வைரஸ் நோய். தமிழ்நாட்டில் வெள்ளைக் கழிச்சல், ராணிக்கெட் என்பார்கள். அதற்கு ஆன்டிபயாட்டிக் உதவாது, பேஜும் உதவாது. தடுப்பூசிதான் வழி. 1980களில் செர்டாங்கில் அன்றைய மலேசிய விவசாயப் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து, வெயில் தாங்கும் தடுப்பு மருந்தைத் தீனியில் கலந்து கம்பத்துக் கோழிகளுக்குக் கொடுக்கும் வழியை ஆராய்ந்தார்கள். குளிர்பெட்டி இல்லாத வீட்டுக் கோழியை நினைத்துச் செய்த ஆராய்ச்சி அது. எங்கள் லயத்துக்கு அது வந்து சேரவில்லை.

பாட்டியின் பத்துக் கோழி போய், ஒரே கூரையின் கீழ் ஆயிரக்கணக்கில் கோழி என்று ஆனபோது, ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வரும் என்ற பயம் வந்தது. பயம் வந்த இடத்தில் தூள் வந்தது. தூள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும்போது பலவீனமான கிருமிகள் சாகும். தாங்கக்கூடியவை நின்று பெருகும். 1969இலேயே பிரிட்டனின் ஸ்வான் அறிக்கை, மனிதனுக்குத் தேவைப்படும் ஆன்டிபயாட்டிக்குகளை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலக்காதே என்றது. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காகக் கலப்பதை முழுதாக நிறுத்த 2006 ஆனது.

2015 நவம்பரில் சீனாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. கோலிஸ்டின் என்பது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று மனிதர்களுக்குக் கொடுக்காமல் ஒதுக்கிவைத்திருந்த பழைய மருந்து. மற்ற மருந்துகள் தோற்க ஆரம்பித்ததும் கடைசிக் கையிருப்பாக அதைத் திரும்ப எடுத்தார்கள். அந்தக் கோலிஸ்டினையும் தாங்கும் எம்சிஆர்-1 என்ற மரபணு, பன்றியிலும் கடைக் கோழிக்கறியிலும் நோயாளிகளிடமும் கிடைத்த ஈ.கோலை பாக்டீரியாவில் இருந்தது. ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறக்கூடிய மரபணு. அடுத்த ஆண்டே மலேசியாவில் எடுத்த மாதிரிகளிலும் அது இருப்பது வெளிவந்தது. மனிதனுக்குக் கடைசியாக வைத்திருந்த மருந்தை விலங்குகளுக்குத் தினமும் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். 2019இல் மலேசியா கால்நடைகளுக்குக் கோலிஸ்டின் கொடுப்பதைத் தடை செய்தது. அதே வருடம் இந்தியாவும் செய்தது.

இப்போது உலகம் மறுபடி பேஜைத் தேடுகிறது. உண்மையில் சிலர் முன்பே தேட ஆரம்பித்திருந்தார்கள். 1982இல் இங்கிலாந்தின் ஹௌடன் கோழி ஆய்வு நிலையத்தில் வில்லியம்ஸ் ஸ்மித்தும் ஹக்கின்ஸும், ஈ.கோலை தொற்றிய சுண்டெலிகளுக்கு ஒரே ஒரு வேளை பேஜ் போட்டார்கள். பல வேளை போட்ட சில ஆன்டிபயாட்டிக்குகளைவிட அது நன்றாக வேலை செய்தது. 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆர்கன்சாவில், கோழிகளின் மூச்சுப்பையைத் தாக்கும் ஈ.கோலைக்கு எதிராகப் பேஜைத் தெளித்துப் பார்த்தார்கள். 2005இல் நாட்டிங்ஹாமில், மனிதனுக்கு வயிற்றுப்போக்கு தரும் கேம்பிலோபாக்டர் கிருமியைக் கோழிக்குடலில் பேஜால் குறைத்துக் காட்டினார்கள். 2006இல் அமெரிக்க அரசு, சமைத்த இறைச்சியில் லிஸ்டீரியாவை ஒழிக்கப் பேஜ் தெளிக்க அனுமதித்தது.

ஆனால் பேஜ் ஒரு மாயக்கோல் என்று நம்பினால் 1930களின் தவறையே திரும்பச் செய்வோம். வாய்வழி கொடுத்தால் இரைப்பையின் புளிப்பில் பாதி செத்துவிடும். பேஜுக்கும் அடங்காத பாக்டீரியா தோன்றும், அதனால் பல பேஜ்களைக் கலந்து கொடுக்க வேண்டியிருக்கிறது, கலவையை அவ்வப்போது மாற்றவும் வேண்டியிருக்கிறது. எல்லாப் பேஜும் கொல்வதில்லை. சில பாக்டீரியாவின் மரபணுவுக்குள் குடியேறி, அதற்கு நஞ்சைக் கற்றுக்கொடுக்கும். 1996இல் வால்டரும் மெகலானோஸும் கண்டுபிடித்தது இதுதான்: காலராக் கிருமியின் நஞ்சே ஒரு பேஜ் கொண்டுவந்து போட்ட மரபணு. டெரெல் காலராவுக்கு மருந்தாகச் சுமந்து திரிந்த இனத்தின் ஒரு உறவுக்காரன்தான் காலராவைக் காலராவாக்கியவன். எந்தப் பேஜ் என்று பார்க்காமல் ஊற்றினால் வினையாகிவிடும்.

ஆக எப்படிச் சுற்றி வந்தாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறேன். நூறு வருடத்துக்கு முன் டெரெல் செய்தது, எச்சத்தைக் கையில் எடுத்துப் பார்த்தது. இந்தப் பண்ணையில், இந்த வாரம், எந்தக் கிருமி என்று கேட்டது. பேஜ் திரும்பி வருவதென்றால் அந்தக் கேள்வியும் கூடவே வர வேண்டும். ஒரு பண்ணைக்கு ஒரு ஆய்வகமும், எச்சத்தை எடுத்துப்போக ஒரு ஆளும் வேண்டும். நெரிசலைக் குறைத்து, கொட்டகையைச் சுத்தமாக வைத்து, போட வேண்டிய தடுப்பூசியைப் போட்டாலே பாதிக் கிருமிக்கு வேலை இருக்காது. இதெல்லாம் தூளைவிடச் செலவு. அந்தச் செலவைக் கோழிக்கறி விலையில் கொடுக்க நாம் தயாரா என்பது எனக்கே நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி. கடையில் நானும் விலை குறைந்த கோழியைத்தான் தூக்குகிறேன்.

போன தீபாவளிக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். புக்கிட் ரோத்தான் பக்கம் சின்னத் தாமான் வீடு. விரல் போன காலில் வாரை இறுக்கிக் கட்டிய செருப்பு. பின்னால் மூன்று கோழி வைத்திருக்கிறார். நான் படித்ததையெல்லாம் அவருக்குச் சொன்னேன். பிழைத்த கோழியின் எச்சத்தில் மருந்து இருந்தது, கிருமி அதிகமாக இருக்கும் சாக்கடையில்தான் இன்றும் பேஜைத் தேடிப் போகிறார்கள் என்று சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப நம்ப பண்ண காவாயிலயும் அது இருந்திருக்குமா?"

"இருந்திருக்கும் மாமா. ஆனா எதுன்னு பாக்க யாராச்சும் வந்திருக்கணும்."

கொஞ்ச நேரம் பேசாமல் கோழிக்கு அரிசி இறைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"பதினெட்டு வருசத்துல சாவுற கோழிய எண்ணத்தான் ஆள் வந்தான் பாப்பா. பொழச்ச கோழிய ஒருத்தனும் பாக்க வரல."